எது வந்து போனது? கிராமத்து வீட்டைச் சுற்றிக் காணும் தடயங்களை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

திண்ணையில் கறுப்பாக ஒரு எச்சம், புழக்கடையில் நேற்றில்லாத ஒரு வளை, சுவரில் மேலேறும் மண்கோடு. பார்த்ததும் "பெருச்சாளிதான்", "பாம்புதான்" என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயருக்கு ஆதாரம் தேடுகிறார்கள். பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். எலி மருந்து வைத்துப் பத்து நாளாகியும் எச்சம் நிற்கவில்லை என்றால், வந்தது எலியாகவே இல்லாமல் இருக்கலாம்.

கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரே தடயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எச்சம் ஒன்று, காலடி ஒன்று. வளை ஒன்று, கடித்த தடம் ஒன்று என வெவ்வேறு வகையான இரண்டு தடயங்களாவது ஒரே உயிரைக் காட்ட வேண்டும். அதுவரை அது சந்தேகம் மட்டுமே.

1. எடுத்து வைக்க வேண்டியவை

15 செ.மீ. ஸ்கேல், டார்ச், செல்போன், ரப்பர் கையுறை, முகக்கவசம், கிளறிப் பார்க்க ஒரு குச்சி, பழைய செய்தித்தாள், மாவுச் சல்லடை, இரண்டு கிலோ கோலமாவு அல்லது சலித்த அடுப்புச் சாம்பல், ஒரு நோட்டு. கூடவே ஒரு பத்து ரூபாய் நாணயம். அதன் விட்டம் 27 மி.மீ. படம் எடுக்கும்போது தடயத்தின் பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். நாணயம் இல்லாத படத்தில் எலிப்புழுக்கையும் பெருச்சாளிப் புழுக்கையும் ஒன்றுபோலவே தெரியும்.

கோலமாவில் கவனம் வேண்டும். அரிசி மாவை எறும்பும் எலியும் தின்றுவிடும். விடிந்து பார்த்தால் தடமே இருக்காது. கல்மாவுதான் வேண்டும்.

கையுறையும் முகக்கவசமும் சும்மா இல்லை. எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த ஈரம் கையிலோ காலிலோ உள்ள கீறல் வழியாக ஏறுவது. வவ்வால் எச்சம் குவிந்து காய்ந்த இடத்தில் தூசி பறந்தால் அதிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கலாம். ஆகவே எந்த எச்சத்தையும் உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீரில் கலந்த பிளீச்சிங் பவுடரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத்தால் அள்ளுங்கள். அதுவும் படம் எடுத்து, பிட்டுப் பார்த்து முடித்த பிறகு.

2. வாசல் பெருக்கும் முன் பாருங்கள்

தடயங்களில் பாதியை அழிப்பது விளக்குமாறு. மீதியை அழிப்பது திறந்துவிட்ட கோழிகள். வாசல் தெளிப்பதற்கும் கோழிக்கூட்டைத் திறப்பதற்கும் முன்பாக ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள்.

விடிகாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் மண்ணில் பதிந்த தடத்துக்கு நிழல் விழும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்கே தெரியாது. இருட்டாக இருந்தால் டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடியுங்கள். மேலிருந்து அடித்தால் ஒன்றும் புலப்படாது.

படம் மூன்று எடுங்கள்: இடம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, நாணயத்தோடு நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அதன் பிறகுதான் குச்சியால் தொட வேண்டும். நோட்டில் மூன்று விஷயம் போதும்: எந்த இடம், எத்தனை மணிக்குப் பார்த்தது, முந்தின இரவு மழை உண்டா. சுவரோரமா, வெட்டவெளியா, உயரமான இடமா என்பதிலேயே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

3. தடம் பதியும் தளம் போடுங்கள்

தடயம் கண்ட இடத்துக்குப் போகும் வழியில், சுவரை ஒட்டி, ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்துக்குச் சாம்பலையோ கல்மாவையோ சல்லடையில் சலித்துத் தூவுங்கள். கனம் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கனமாகக் கொட்டினால் கால் புதைந்து, தடத்தின் ஓரம் சரிந்து, பூனைக்கால் நாய்க்கால் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு தூவி, விடிவதற்குள் பாருங்கள். மூன்று இரவு தொடர்ந்து செய்ய வேண்டும். ஒரே இரவில் ஒன்றும் பதியவில்லை என்றால் எதுவும் வரவில்லை என்று பொருளாகாது. நடுவில் இரை வைக்கும் ஆசையை அடக்குங்கள். கருவாடு வைத்தால் ஊர்ப்பூனை எல்லாம் வரும். உங்களுக்கு வேண்டியது வழக்கமாக வருகிற உயிரின் தடம்.

4. காலடித் தடத்தைப் படிப்பது

முதலில் விரல்களை எண்ணுங்கள். பிறகு நகம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவு கடைசியில்தான். ஈர மண்ணில் அளவு ஏமாற்றும். விரல் எண்ணிக்கை அவ்வளவாக ஏமாற்றாது.

நான்கு விரல், நகம் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. நரியின் தடம் நாயுடையதைவிடக் குறுகி நீள்வட்டமாக இருக்கும். நான்கு விரல், நகம் இல்லை, தடம் வட்டம் என்றால் பூனை இனம். வீட்டுப்பூனையின் தடம் ஏறக்குறைய பத்து ரூபாய் நாணயம் அளவுதான். காட்டுப்பூனை அதைவிடப் பெரிது.

"சிறுத்தை வந்துவிட்டது" என்று ஊர் கலங்குகிற பல நேரங்களில் பதிந்திருப்பது நாய்க்கால்தான். நகக்குறி தெளிவாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. நகமே இல்லாமல், வட்டமாக, 7 செ.மீ.க்கு மேல் அகலமாக, விரல்களுக்குப் பின்னால் பதியும் பெரிய திண்டின் கீழ் விளிம்பு மூன்று மேடாகப் பிரிந்திருந்தால் மட்டும் தடத்தின் மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

ஐந்து விரல் என்றால் கீரி அல்லது மரநாய். கீரியின் நகம் நீளமாக, விரலைவிட்டுத் தள்ளிப் பதியும். மரநாயின் நகம் பல நேரம் பதியாது. எலிக்கு முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் ஐந்து. நடுவில் வால் இழுத்த கோடும், அதன் இரு பக்கமும் நகம் பதிந்த கால்களும் தெரிந்தால் உடும்பு. பிளவுபட்ட குளம்பும், அதன் பின்னால் இரண்டு சிறு குழியும் பதிந்திருந்தால் காட்டுப்பன்றி; ஆட்டின் பின்குளம்பு சாதாரணத் தரையில் பதியாது.

கால்தடமே இல்லாமல் வளைந்து வளைந்து போகும் கோடு பாம்பாக இருக்கலாம். கயிற்றுநுனி இழுபட்ட கோடு, மரவட்டை ஊர்ந்த கோடு ஆகியவற்றையும் பாம்பென்று எண்ணுவார்கள். மரவட்டைக் கோட்டைக் குனிந்து பார்த்தால் இரு ஓரமும் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் இருக்கும்.

5. எச்சத்தைப் பிரித்துப் பார்ப்பது

அதிகம் சொல்வது எச்சம்தான். அதிகம் ஏமாற்றுவதும் அதுவே. கையுறை போட்டு, குச்சியால் நடுவில் பிட்டுப் பாருங்கள். வெளித்தோற்றத்தை மட்டும் பார்ப்பவர்கள் பல்லி, வவ்வால், தேரை மூன்றையும் எலிக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஒரு முனையில் வெள்ளை இருக்கிறதா? அப்படியானால் எலி இல்லை. பல்லி, ஓணான், பாம்பு, பறவை இவற்றின் எச்சத்தில்தான் சுண்ணாம்புபோல் வெள்ளை இருக்கும். சுவருக்குக் கீழே அரிசி அளவில், கறுப்பு உடலும் வெள்ளை நுனியுமாக இருந்தால் பல்லி.

வெள்ளை இல்லாமல் 3 முதல் 6 மி.மீ. இருந்தால் சுண்டெலி. ஒரு செ.மீ.க்குச் சற்று மேல், இரு முனையும் கூராக இருந்தால் வீட்டெலி. இன்னும் பருத்து 2 செ.மீ. அளவில், சாக்கடையோரமும் கடைக்காலோரமும் கிடந்தால் பெருச்சாளி. எலிப்புழுக்கை காய்ந்தால் கல்போல் ஆகும், எளிதில் பொடியாகாது.

குச்சியால் அழுத்தியதும் பொடிந்து, தூளில் பூச்சியின் இறக்கைத் துணுக்குகள் மினுங்கினால் அது பூச்சி தின்னும் வவ்வால். ஓட்டுக்கும் எரவாணத்துக்கும் நேர் கீழே ஒரே இடத்தில் குவிந்திருக்கும். எலியுடையது நடமாடும் வழியெங்கும் சிதறியிருக்கும். பழம் தின்னும் வவ்வாலுக்கு அடையாளம் வேறு: சுவரில் மஞ்சளாகத் தெறித்த கறை, மரத்தடியில் மென்று துப்பிய நார்ச்சக்கை, சதை போன நாட்டுவாதுமைக் கொட்டை. பல் பட்ட கொய்யாவையும் மாம்பழத்தையும் கழுவிச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். 2018-ல் கோழிக்கோட்டுப் பகுதியில் பரவிய நிபா வைரஸ் பழந்தின்னி வவ்வாலிடம் இருப்பது.

விளக்கு எரியும் திண்ணையில், மழைக்காலத்தில், சுண்டுவிரல் தடிமனில் 2, 3 செ.மீ. நீளத்துக்கு ஒற்றையாக ஒன்று கிடக்கும். "பெருச்சாளி வீட்டுக்குள் வந்துவிட்டது" என்ற பதற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பிட்டுப் பாருங்கள். எறும்புத் தலைகளும் வண்டு ஓடுகளும் மட்டுமே இருந்தால் அது தேரை. உடம்புக்குப் பொருந்தாத அளவில் எச்சமிடும் உயிர் அது. அதற்கு எலி மருந்து வைத்துப் பயனில்லை. விளக்கை மாற்றி வைத்தால் பூச்சி குறையும், தேரையும் இடம் மாறும்.

மூலையில் சிறிதாக, மென்மையாக, பூச்சித் துணுக்கோடு, கூடவே அந்தக் கடுமையான வீச்சம் இருந்தால் மூஞ்சூறு. அது கரப்பான் தின்னும். அதன் மேல் கோபப்படக் காரணம் நாற்றம் மட்டுமே.

கைப்பிடிச் சுவர், மொட்டைமாடி, கிணற்றுத் திட்டு என்று உயரமான இடத்தில், பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் என்றால் மரநாய். இரவில் ஓட்டுமேல் தடதடவென்று ஓடும் ஓசையும் சேர்ந்தால் இரண்டு தடயம் ஆகிவிட்டது. பூனை பெரும்பாலும் மண்ணைத் தள்ளி மூடிவிடும், மரநாய் மூடாது.

உருண்டையாக, சற்றே தட்டையாக, நாரும் சக்கையுமாக இருந்தால் முயல். ஆட்டுப் புழுக்கை வழவழப்பாக, ஒரு முனை கூம்பி, ஒரே இடத்தில் கொட்டினாற்போல் இருக்கும்.

இன்னொன்று, எச்சமே அல்லாதது. வேப்பமரத்தடியிலோ பாழடைந்த மச்சுக்குக் கீழேயோ, சாம்பல் நிறத்தில் 3 முதல் 5 செ.மீ. உருண்டை, உள்ளே மயிர், சிறு எலும்பு, சில சமயம் முழு எலி மண்டையோடு. செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பரிகாரத்துக்குச் செலவழிக்கிறவர்களும் உண்டு. ஆந்தையோ கூகையோ இரையை விழுங்கிவிட்டுச் செரிக்காததை உருட்டித் துப்பியது அது. அண்ணாந்து பாருங்கள், கிளையில் வெள்ளைக் கறை இருக்கும். உங்கள் வீட்டு எலியைக் கூலியில்லாமல் குறைத்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

6. வளையைச் சோதிப்பது

வளைக்குள் கையை விடவே கூடாது. நீளக் குச்சியும் வேண்டாம். பாம்பு வளை தோண்டாது என்பது உண்மை. ஆனால் எலி தோண்டிய வளையிலும், கறையான் கட்டிய புற்றிலும் குடியிருக்கும். வளையை யார் தோண்டினார்கள், இப்போது யார் இருக்கிறார்கள் என்பவை இரண்டு தனிக் கேள்விகள்.

முதல் கேள்விக்கு வாயின் அளவும் வெளியே கிடக்கும் மண்ணும் பதில் சொல்லும். 2, 3 செ.மீ. வாய் சுண்டெலிக்கு. 5 முதல் 8 செ.மீ., ஓரம் தேய்ந்து வழவழப்பு, பக்கத்தில் உமி என்றால் எலி. 10 செ.மீ.க்கு மேல், கூடைக்கணக்கில் மண் வெளியே தள்ளியிருந்தால் பெருச்சாளி. கடைக்காலை ஒட்டி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள், அடிமண் காலியாகித் தரை இறங்கும். வாயை மண்ணாலேயே உள்ளிருந்து அடைத்து வைத்திருந்தால் அது வரப்பெலி. ஈரமான இடத்தில் வாயைச் சுற்றிக் களிமண் உருண்டைகள் கிடந்தால் நண்டு. வாயோரம் வெண்பட்டுபோல் நூல் படிந்திருந்தால் பெரிய சிலந்தி.

எரவாணத்துக்குக் கீழே, மழை படாத புழுதியில், புனல்போல் சிறுசிறு குழிகள் இருந்தால் எறும்பு பிடிக்கும் பூச்சியின் பொறி அவை. குழிநரி, குழியானை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். தீங்கில்லை. குழி ஆழமில்லாமல் கிண்ணம்போல் அகன்று, பக்கத்தில் இறகு கிடந்தால் கோழியோ மயிலோ புழுதிக் குளியல் போட்ட இடம்.

இரண்டாவது கேள்விக்குச் சோதனை எளிது. சாயங்காலம் எல்லா வாயிலும் கசக்கிய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகுங்கள். காலையில் எது தள்ளப்பட்டிருக்கிறதோ அதில் உயிர் இருக்கிறது. காகிதம் வெளியே விழுந்திருந்தால் உள்ளிருந்து வந்தது. உள்ளே தள்ளப்பட்டிருந்தால் வெளியிலிருந்து போனது. ஒரே எலிக்கு இரண்டு மூன்று வாய் இருக்கும் என்பதால் ஒரு வாயை மட்டும் அடைத்துப் பார்ப்பது வீண். இரண்டு இரவும் அசையாத வளையைத்தான் கல்லும் சிமென்ட்டும் போட்டு மூடலாம்.

7. சுவர், மரம், இலை

பென்சில் தடிமனில் மேலேறும் மண்கோடு கறையான். அதை முழுதும் சுரண்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வழி தெரியாமல் போய்விடும். நடுவில் 5 செ.மீ. மட்டும் உடைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். திரும்ப மூடியிருந்தால் புழக்கத்தில் இருக்கிறது. மூடாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். நிலையையும் உத்தரத்தையும் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிக்கிறதா கேளுங்கள்.

கோடாக இல்லாமல் கட்டியாக, வழவழப்பாக இருந்தால் வேட்டாவளியன் கூடு. துளை விழுந்திருந்தால் குளவி போய்விட்டது. பிளக் துளையையும் பூட்டுத் துளையையும் மண்ணால் அடைப்பதும் குளவி இனந்தான். பிளக்கை மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

வெள்ளரி விதைபோல் தட்டையாக, சாம்பல் நிறத்தில், ஒரு செ.மீ. நீளத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டு, மறுநாள் இடம் மாறியிருக்கும் ஒன்று பலருக்குப் புதிர். ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு, தன்மேல் மணலும் தூசியும் கட்டிக்கொண்ட கூடு அது. நூலாம்படையும் உதிர்ந்த முடியும் அதன் தீனி. ஒட்டடை அடித்தால் போய்விடும்.

வீட்டு மரச்சாமான், உத்தரம் இவற்றுக்கு அடியில் விழும் தூளை விரலால் தேய்த்துப் பாருங்கள். மைதாபோல் வழுவழுப்பாக, மரத்தில் 1 முதல் 3 மி.மீ. துளைகளோடு இருந்தால் உளுக்க வைக்கும் வண்டு. கசகசாபோல் மணிமணியாக, லென்ஸில் பார்த்தால் ஆறு பட்டையோடு இருந்தால் உலர்மரக் கறையான். இதற்கு மண்கோடு இருக்காது என்பதால் கடைசிவரை தெரியாமலே தின்னும். மரத்தூள் பெருநறுக்காக விழுந்து, சுண்டுவிரல் நுழையும் அளவில் கச்சிதமான வட்டத்துளை இருந்தால் மூங்கிலையும் கூரையின் கைமரத்தையும் குடையும் கருவண்டு. பழைய தூளா புதுத் தூளா என்று தெரிய, துடைத்துவிட்டுக் கறுப்புத் துணி விரித்து மூன்று நாள் பாருங்கள்.

ரோஜா இலையின் ஓரம் கத்தரித்தாற்போல் அரைவட்டமாகப் போயிருந்தால் இலைவெட்டித் தேனீ. மருந்தடிக்க வேண்டாம்.

8. தென்னையும் கோழிக்கூடும்

விழுந்த குரும்பையிலும் இளநீரிலும் காம்புப் பக்கம் துளை இருந்தால் எலி. விரிந்த மட்டையில் ஓலை விசிறிபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தால் காண்டாமிருக வண்டு. தண்டின் துளையிலிருந்து மென்ற நாரும் பழுப்புச் சாறும் வடிந்தால் சிவப்புக் கூன்வண்டு. இதை மட்டும் அன்றைக்கே கவனியுங்கள். வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

கோழி போனால் முதலில் நேரத்தைக் கேளுங்கள். கீரி பகலில் வருவது. மரநாயும் காட்டுப்பூனையும் இரவில். இறகு முற்றமெங்கும் சிதறி, கடித்துக் குதறி, தின்னாமல் போட்டிருந்தால் நாய். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு, உடும்பு, அல்லது மனிதக் கை. வைக்கோலில் மஞ்சள் கரு ஒட்டி ஈரமாக இருந்தால் கோழியே தின்றிருக்கும். அதற்குக் கிளிஞ்சல் தூள் போடுங்கள்.

9. பாம்புச் சட்டை

சட்டை உரியும்போது இழுபடுவதால் பாம்பைவிட நீளமாகவே இருக்கும். நீளத்தை வைத்துப் பயப்படாதீர்கள். கையுறையோடு வெளிச்சத்தில் பிடித்து, முதுகின் நடுவரிசையைப் பாருங்கள். மற்றச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக ஒரு வரிசை ஓடினால் கட்டுவிரியன் என்று எடுத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் முகடு இருந்து, தலையில் பெரிய தகடுகள் இல்லாமல் சிறுசெதில்களே நிறைந்திருந்தால் விரியன் இனம். நல்ல பாம்புக்கும் சாரைக்கும் தலையில் பெரிய தகடுகள் உண்டு. சட்டை கிழிந்திருந்தால் இரண்டையும் பிரிப்பது புதியவரால் ஆகாது.

சட்டை கிடப்பதால் பாம்பு அங்கேயே இருக்கிறது என்றில்லை. ஆனால் அங்கே எலி இருந்தால் திரும்ப வரும். கட்டுவிரியன் சந்தேகம் தீரும்வரை தரையில் படுக்காதீர்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். பாம்பு கண்ணில் பட்டால் தீயணைப்பு மீட்புத் துறைக்கு 101. கடித்தால் 108, கட்டுப்போட்டு இறுக்குவதும் கீறிவிடுவதும் வேண்டாம், விஷமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

10. பெயர் உறுதியான பிறகு

இரண்டு தடயம் ஒத்துவந்ததும், அதே இடத்தில் இன்னொரு இரவு சாம்பல் தூவி மூன்றாவது முறை பாருங்கள். அதற்கு முன் மருந்தோ பொறியோ வாங்காதீர்கள். உடும்பு, கீரி, மரநாய், மயில், முள்ளம்பன்றி, சாரை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. கண்ணி வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான். இவற்றுக்கு வழியை அடைப்பதும் தீனியை அகற்றுவதும் மட்டுமே செய்யலாம்.

அடைப்பதில் அளவு முக்கியம். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடுக்கு போதும், எலிக்கு 12 மி.மீ. ஆகவே வலைக்கம்பியின் கண் 6 மி.மீ.க்குக் குறைவாக வாங்குங்கள். கொசுவலைத் துணியை எலி ஒரே இரவில் கடித்துவிடும். ஓட்டிடுக்கில் வவ்வால் இருந்தால் அந்தி வேளையில் வெளியே நின்று எந்தத் துளையில் வெளிவருகின்றன என்று எண்ணுங்கள். குட்டி இருக்கும்போது அடைத்தால் உள்ளேயே செத்து நாறும். பறக்கிற அளவுக்குக் குட்டிகள் வளரும்வரை பொறுத்து, எல்லாம் வெளியேறிய இரவில் அடையுங்கள்.